மார்கழிச் சூரியனும் ரப்பரின் செருப்பும்

மலைநாட்டில் இருக்கும் மொத்தப் பயத்தில் முக்கால் பங்கை எங்கள் ரப்பர்தான் குத்தகைக்கு எடுத்திருந்தான். மின்னல், அட்டைப்பூச்சி, கொட்டகலை பஸ்ஸின் பிரேக், தோட்டத்தை நிர்வகிக்கும் பெரியதுரை என்று அவன் நடுங்காத பொருள் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே கரண்ட். காலில் ரப்பர் செருப்பை மாட்டி, இன்னொரு செருப்பைக் கையில் பிடித்து, அதன் நுனியால்தான் சுவிட்சைத் தட்டுவான். பெயர் அப்படி வந்தது.

அட்டன் பக்கம் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டட வரைகலை படித்தோம். கடைசி வருடக் குழு வேலையில் என்னையும் வட்டகொடை மலரையும் அவனோடு கோத்துவிட்டார்கள். சூரியன் போகிற பாதையைக் காட்டும் இயந்திரம் செய்ய வேண்டும். மேசையில் களிமண் மலை, அட்டை வீடுகள். மேலே கிழக்கிலிருந்து மேற்குக்கு வளைத்த குழாய். அதில் தொங்கும் டின்பால் டப்பாவுக்குள் ஒரு பல்ப், அதுதான் சூரியன். கயிற்றை இழுத்தால் சூரியன் நகரும், எந்த வீட்டுக்கு எப்போது வெயில் என்று தெரிந்துவிடும். குழாயைத் தெற்கே தள்ளிவைத்தால் மார்கழி.

"எங்க தோட்டத்தையே செய்வோம்டா," என்றான் ரப்பர். வரிசை அறைகளான லயத்தை விட்டுத் தனி வீடு கட்டித்தர அங்கே மலையடியில் ஒரு பள்ளத்தைப் பார்த்திருந்தார்கள். அவன் அம்மாவுக்கு இழுப்பு. குளிர் கூடினால் மூச்சு முட்டிப்போய் உட்கார்ந்தே இருப்பார். "அந்தப் பள்ளத்துல வெயில் விழாதுடா. சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க. அம்மாவ நெனச்சா பயமா இருக்கு."

அந்த ஒரு பயத்துக்கு மட்டும் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் நாளே கிழக்கில் சண்டை. தேயிலை பாக்டரிப் பக்கம்தான் கிழக்கு என்று ரப்பர் சாதித்தான். மலர் போனில் திசை பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அது தெற்குடா!"

"எங்க லயத்துக்கு வெயில் அங்கேருந்துதான் வருது!"

"கிழக்க மலை மறைக்குது. சூரியன் மேல ஏறி அந்தப் பக்கம் வந்தப்பறம்தான் உனக்குத் தெரியுது."

ரப்பரின் முகம் வெளிறியது. "அப்ப இத்தன வருசமா விடிஞ்சப்பறமும் நாங்க இருட்டுலயா இருந்தோம்?"

வேலை தொடங்கியதும் எங்களைப் பலகை மேல் ஏற்றினான். என் கையில் ஒரு விளக்குமாற்றுக் கட்டை. "எனக்கு கரண்டு அடிச்சா கட்டையால தள்ளு. பாசத்துல கையால தொட்டுறாத, ரெண்டு பேரும் கரிக்கட்டைதான்." பல்ப் ஒருமுறை சிமிட்டினால் ஆள் மேசைக்கடியில் இருப்பான். போகப்போக எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. மலர் போனுக்குச் சார்ஜ் போடக்கூடச் செருப்புத் தேட ஆரம்பித்தாள்.

பார்வையிடும் நாள் வந்தது. தன் தோட்டத்து மாதிரி என்பதால் பெரியதுரையும் வந்திருந்தார். வெளியே அடைமழை, குடைகள் சொட்டிச் சொட்டி மண்டபத்துச் சிமெந்துத் தரை முழுக்க ஈரம். ரப்பர் வாசலில் செருப்பைக் கழற்றினான்.

"டேய், என்னடா பண்ற? கரண்டு!"

"துரை நிக்கிறாருடா. செருப்போட எப்படி உள்ள போறது?"

அவன் அப்பா துரை முன்னால் செருப்போடு நின்றதில்லையாம். இந்தக் காலத்தில் எவன் இதையெல்லாம் பார்க்கிறான் என்று நான் கத்தியது காதில் ஏறவே இல்லை. வெறுங்காலோடு உள்ளே போனான்.

குழாயை மார்கழிக்குத் தள்ளிவைத்துக் கயிற்றை இழுத்தோம். சூரியன் கொஞ்ச தூரம் ஏறியதும் கயிறு பட்டென்று அறுந்தது. டப்பா குழாயில் சரசரவென்று சறுக்கிக் கிழக்கு முனைக்கே திரும்பியது. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போகத் திரும்பினார்.

அப்போதுதான் ரப்பர் பாய்ந்தான். கொதிக்கிற டப்பாவை வெறுங்கையால் பிடித்து, ஈரத் தரையில் நின்றபடி, சூரியனைத் தானே நகர்த்தினான். நான் கட்டையைத் தேடினேன். மலர் கண்ணை மூடிக்கொண்டாள்.

டப்பா உச்சியை நெருங்கும்வரை அட்டை வீடுகள் மேல் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

"பாருங்கய்யா," அவன் பல் தந்தியடித்தது. "பாதிப் பகல் இருட்டுங்க. எங்கம்மாவுக்கு இழுப்புங்க. மேல பழைய தேயிலை மலையில கட்டுனா வெயில் விழுமுங்க."

"கை சுடும் தம்பி, விடு, விடு!" துரை பதறினார்.

"இருங்கய்யா, இன்னும் சாயங்காலம் ஆகல."

மேற்கே கொண்டுபோய் முறையாக அஸ்தமிக்க வைத்த பிறகுதான் விட்டான். பிறகு குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தான். அப்படியே மயங்கி விழுந்தான். மலர் தண்ணீர்ப் போத்தலோடு ஓடினாள். கண்ணைத் திறக்காமலே முனகினான்: "தெளிக்காதடி, ஒயர் கெடக்கு!"

வீடுகளை மேல் மலையிலேயே கட்டினார்கள். பால் காய்ச்சுகிற அன்று காலையில் போயிருந்தேன். ரப்பர் புதுச் சுவிட்சுக்கு முன்னால், தழும்பு விழுந்த கையில் செருப்போடு நின்றான்.

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். "அதான் வீடு நெறைய வெயில் அடிக்குதே, லைட்டு எதுக்குடா?"

அவன் திரும்பித் தரையில் கிடந்த வெயிலைப் பார்த்தான். செருப்பைக் கீழே போட்டான்.

நான் இப்போது கொழும்பில் பெரிய கட்டடங்களில் வேலை பார்க்கிறேன். பயமே இல்லாத ஆட்கள் சுற்றி நிற்கிறார்கள். அந்தப் பயந்தாங்கொள்ளி பக்கத்தில் இல்லையே என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.