கழுத்து வரை நிரப்பிய பத்து பாட்டில்கள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம், ஃப்ரிட்ஜும் நலம். போனில் சொன்னால் குறுக்கே கத்துவாய் என்பதால் கடிதம். முதலில் உட்கார்ந்துகொள்.

நீ ஊரிலிருந்து திரும்பி வந்ததும் உன் பேராசிரியரிடம் கொடுக்க வேண்டிய, ஒவ்வொன்றிலும் உப்பின் அளவு வேறான பத்து உப்புக் கரைசல் பாட்டில்களை மேஜையில் வைத்து, "அப்பா, தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாயா, நானும் தொடவில்லை, இரண்டு நாள். மூன்றாம் நாள் பார்க்கிறேன், ஒன்றுகூடக் கழுத்து வரை இல்லை. குளிர்பானக் கம்பெனியில் முப்பது வருஷம் பாட்டில் நிரப்பும் பிரிவில் நின்றவன் நான், குறைந்த பாட்டிலைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? குழாயடியில் பிடித்து எல்லாவற்றையும் ஒரே மட்டமாக நிரப்பிவிட்டேன். அப்புறம்தான் புத்தியில் பட்டது, தண்ணீர் சேர்ந்தால் கரைசல் நீர்த்துப்போகுமே என்று. போதாததற்கு நீ ஒட்டின நம்பரெல்லாம் நனைஞ்சு கழன்று போச்சு. எதுல உப்பு அதிகம், எதுல கம்மி, ஒண்ணும் தெரியல. உன் மூணு வருஷ உழைப்பு என் கையால போச்சேன்னு அழுகையே வந்துடுச்சும்மா.

உப்பு கூடக்கூட உறைய நேரமாகும் என்று நீ ஒருநாள் சாப்பிடும்போது சொன்னது ஞாபகம் வந்தது. பத்து டம்ளரில் ஒரே அளவு ஊற்றி ஃப்ரீசரில் வைத்தேன். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்தேன். உங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எதுக்கு இந்தப் பாடு, குடிச்சுத்தான் பாருங்களேன்" என்கிறாள். என் உயிர் மேல அவளுக்கு அவ்வளவு அக்கறை. உள்மூலையில் இருந்தது முதலில் உறைந்தது, அது ஒன்றாம் நம்பர். கதவோரம் இருந்தது கடைசிவரை தண்ணீராகவே நின்றது, அதுதான் பத்து. வரிசைப்படி புது லேபிள் ஒட்டிவிட்டேன், பட்டியலும் இணைத்திருக்கிறேன். பேராசிரியரிடம் பழியை என் மேல் போடு.

நீ டாக்டர் பட்டமும் அப்பாவை மன்னிக்கும் மனசும் பெற்று நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது அம்மா உண்மையைச் சொல்லிவிட்டாள். மேஜையில் இருந்த பத்தும் ஒரே குழாயில் பிடித்த வெறும் தண்ணீராம். எனக்காகவே நீ லேபிள் ஒட்டி வைத்துவிட்டுப் போனாயாம். பெத்த அப்பனை இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கியே, சந்தோஷம். பட்டியலைக் கிழித்துவிடு. நிஜப் பாட்டில்கள் எங்கே என்று அம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் பீரோவுக்கு மேலே பத்து பாட்டில் தெரிகிறது. எல்லாம் கழுத்துக்கு இரண்டு விரல் கீழே நிற்கிறது. இதுவரை தொடவில்லை. சீக்கிரம் வாம்மா.