முன்பாதி வாத்தியார்

சித்தூரில் பஸ் ஏறித் திருப்பதி போகிற வழியில் எந்த ஊரில் இறங்கினாலும், அங்கே பள்ளிக்கூடம் என்று ஒன்று இருந்தால் அதற்குள் இவர் இருப்பார். முன்பாதி வாத்தியார். தேடி அலைய வேண்டாம். வாசலில் நின்று காதைக் கொடுத்தாலே போதும்.

"ஆறேழு நாப்பத்தி...?"

"ரெண்டு!"

கேட்டீர்களா? அந்த நாற்பதைச் சொன்னது யார்? அவர். மிச்சத்தைச் சொன்னது முன்வரிசைப் பிள்ளைகள் நாலு பேர். மற்றவர்கள் வாயை மட்டும் திறந்து மூடினார்கள். இவருக்கோ வகுப்பே வாய்ப்பாட்டைக் கரைத்துக் குடித்துவிட்டதாகப் பூரிப்பு. அதிகாரி வருகிற நாளில் இதே கச்சேரி தெலுங்கில் நடக்கும். "இரவை...?" "ஐது!" என்று இருபத்தைந்தில் கூரை அதிரும். அதிகாரியும் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்.

கணக்கு வராத பிள்ளைகள் என்றால் இவருக்கு உயிர். அவர்களுக்குச் சாயங்காலம் தனி வகுப்பு வைப்பார், பிஸ்கட் வாங்கித் தருவார், அடிக்க மாட்டார், திட்ட மாட்டார், அதட்டக்கூட மாட்டார். ஒரு பிள்ளை யோசிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க மட்டும் இவரால் ஆகாது. சாக்பீஸ் பிடித்த கை கொஞ்சம் தயங்கினால் போதும், பல்வலி வந்ததுபோல் முகம் கோணும், உடனே விடையின் முன்பாதி வாயிலிருந்து விழுந்துவிடும். இதற்கு அன்பு என்று பெயர் வைத்திருக்கிறார். நான் வைத்திருக்கும் பெயரை அச்சில் ஏற்ற முடியாது.

அந்த வழியை விட்டுத் தள்ளி, பிச்சாட்டூர்ப் பக்கத்திலும் இப்படி ஒருவர், மோகன்ராஜ் சார். அவரிடம் நாலாவது படித்த கீர்த்திக்குக் கழித்தல் வராது. அம்மா கன்னிகா விடியுமுன் கம்பெனி வேன் ஏறி, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவள். வீட்டில் வேறு ஆள் கிடையாது. ஹாஸ்டலோடு இருக்கும் பள்ளியில் இடம் கிடைத்தால் பிள்ளை வேளைக்குச் சாப்பிடும், பயமில்லாமல் தூங்கும். அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

"எப்டியாவது கணக்க மட்டும் ஏத்தி வுட்டுடுங்க சார்" என்றாள் கன்னிகா.

"நான் கீறேன் இல்ல, நீ இன்னாத்துக்கும்மா பயந்துக்கினு?" என்றார் சார்.

இருந்தார். அதுதான் வினை.

போர்டில் ஐம்பத்திரண்டு, கீழே இருபத்தேழு. இரண்டில் ஏழு போகாது, பக்கத்துப் பத்திடம் கடன் வாங்க வேண்டும் என்பது கீர்த்திக்குத் தெரியாது. போகாவிட்டால் என்ன, ஏழில் இரண்டு போகுமே! தலைகீழாகக் கழித்து ஐந்து என்று எழுதினாள். அப்படியே விட்டிருந்தால் அடுத்து ஐந்தில் இரண்டு போக மூன்று என்று போட்டு, முப்பத்தைந்து என்று வெட்டவெளிச்சமாகத் தப்பு செய்திருப்பாள். தப்பு கண்ணில் பட்டால்தானே வாத்தியாருக்கு வேலை? அதற்குள் சாருக்குப் பல்வலி வந்துவிட்டது.

"இருபத்தி...?"

"அஞ்சு சார்!" என்று முன்னால் ஒரு இரண்டைப் போட்டாள் கீர்த்தி.

"சபாஷ்! புரிஞ்சிதா?"

"புரிஞ்சிது சார்!"

என்ன புரிந்தது? பின்பாதி நம் வேலை, முன்பாதி சார் வேலை என்று புரிந்தது. வேறு கணக்கில் அவள் பின்பாதி தப்பானாலும் முன்வரிசைச் சத்தத்தில் அது அமுங்கிப்போனது. வருஷம் முழுக்க இதே ஏற்பாடு.

தேர்வன்று சார் புதுப் பேனா வாங்கிக் கொடுத்து வாசல்வரை வந்தார். நல்லவேளையோ கெட்டவேளையோ, அவரை உள்ளே விடவில்லை. கன்னிகா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வெளியே மரத்தடியில் காத்திருந்தாள். பிள்ளை சிரித்துக்கொண்டே வந்தது.

"அல்லாத்தையும் எழுதினியா?"

"பாதி எழுதினேம்மா."

"இன்னாடி பாதி?"

"எல்லாக் கணக்குலயும் பின்னாடி நம்பர் எழுதிட்டேன். முன்னாடி எடம் வுட்டுக்கினு ரொம்ப நேரம் அங்க இருந்த சாரையே பாத்துக்கினு இருந்தேன். அவரு சொல்லவே ஆரம்பிக்கலம்மா."

கன்னிகா மோகன்ராஜ் சாரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மனுஷன் வெட்கப்பட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? "நான் எவ்ளோ பாடுபட்டேன், பிள்ளை தலையில ஏறலியேம்மா" என்று பெருமூச்சு விட்டார்.

இடம் கிடைக்கவில்லை. கன்னிகா இன்றும் விடியுமுன் வேன் ஏறுகிறாள். சாயங்காலம் கீர்த்தி கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, வேன் சத்தம் வருகிறதா என்று தனியாக உட்கார்ந்திருக்கிறாள். சார் அடுத்த வகுப்புக்கு "நாப்பத்தி...?" என்று இழுத்துக்கொண்டிருக்கிறார்.

நாம் வாத்தியார் இல்லையே, தப்பித்தோம் என்கிறீர்களா? கொஞ்சம் இருங்கள். கீர்த்தி போர்டு முன்னால் நின்றபோது, அவள் எழுதி முடிக்கும்வரை பொறுக்காமல் உங்கள் உதடு விடையை முணுமுணுத்ததா இல்லையா? இன்று சாயங்காலம் உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை கழித்தலில் சிக்கிப் பென்சிலைக் கடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு இருந்து பாருங்கள். உங்களுக்கும் பல் வலிக்கும்.