எடைக்கு எடை ரொட்டி

அடுத்தவர் உடம்பைக் காட்டிச் சாமியிடம் நேர்ந்துகொள்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். முதல் ஆள் என் அம்மா.

இத்தாலியில், பதுவா நகரில், ஒரு குழந்தை தண்ணீர்த் தொட்டியில் மூழ்கிவிட்டதாம். “பிழைத்தால் இவன் எடைக்கு எடை ஏழைகளுக்குக் கோதுமை தருகிறேன்” என்று தாய் அந்தோணியாரிடம் அழுதாளாம். குழந்தை பிழைத்தது, அவளும் கொடுத்தாள். ராயபுரத்தில் ஒரு வயதில் நானும் லாரித் தண்ணீர் பிடித்து வைத்த டிரம்மில் தலைகீழாக விழுந்தேன். அம்மாவும் அதையே நேர்ந்துகொண்டாள், கோதுமைக்குப் பதில் ரொட்டி. ஆனால் கொடுக்கவில்லை. எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும்தான் ஞாபகம் வந்தது. (அந்தோணியார் காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர். அம்மாவின் ஞாபகத்தையும் அவரே கண்டுபிடித்திருக்க வேண்டும்.)

ஒரு வாரம் பட்டினி கிடந்தேன். அரை கிலோகூடக் குறையவில்லை.

அந்தோணியார் திருநாளன்று கோயில் வாசலில், ஜூன் வெயிலில், பட்டுப்புடவையோடு தராசில் உட்கார்ந்தேன். காசிமேட்டு மீன் ஏலத்தில் மாமா வஞ்சிரம் நிறுக்கும் தராசு அது. எதிர்த் தட்டில் ரொட்டியை அடுக்க அடுக்க, நான் தரையோடு தரையாக இருந்தேன்.

மாமா ஏலக் குரலை எடுத்தார். “இன்னும் போடு! பாப்பா அசையவே இல்ல!”

ஊரே சிரித்தது. எர்ணாவூரிலிருந்து வந்திருந்த என் வருங்கால மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. கொண்டுவந்த ரொட்டி முழுக்கத் தீர்ந்தது. என் தட்டு எழும்பவில்லை. மாமியார் விடுவிடுவென்று தெருவில் இறங்கிப் போய்விட்டார். கல்யாணம் போச்சு என்று நினைத்தேன்.

தராசில் இருந்தபடியே கத்தினேன். “ஒரு வயசுல குடுத்திருந்தா ஒரு பையோட முடிஞ்சிருக்கும்! இத்தினி வருஷமா இன்னாம்மா பண்ணிகினு இருந்த?”

“உன்ன வளத்துகினு இருந்தேன்டி” என்றாள் அம்மா.

மறுபடி சிரிப்பு. எனக்கு அந்தத் தராசைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. (எழுந்திருக்கவே முடியவில்லை, அது வேறு விஷயம்.)

அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. மாமியார் இறங்கினார். பின்சீட்டு முழுக்க ரொட்டி.

“எங்க வூட்டுக்கு வர்ற பொண்ணு பாதில நிக்கலாமா? போடுங்க!”

போட்டார்கள். கடைசி ரொட்டிக்கு நான் மேலே எழும்பினேன். கைதட்டல் வேறு. இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல், கடுகடுவென்று ரொட்டியை வரிசையில் நின்றவர்களுக்குக் கொடுத்தேன். கடைசியில் நின்ற அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நல்லா இரும்மா. நீ ஒல்லியா இருந்திருந்தா என் வரைக்கும் வந்திருக்காது.”

அவளிடம் எப்படிக் கோபப்படுவது? அதையும் சேர்த்து அம்மாவிடம்தான் காட்டினேன்.

இன்றும் நான் டயட் என்று தட்டைத் தள்ளினால் போதும், மாமியார் அதைத் திரும்ப என் பக்கம் நகர்த்துவார்:

“துன்னும்மா. அங்க வரிசைல ஜனம் நின்னுகினு கீது.”