ஒத்தை ஃபேன்

தீர்த்தகிரி ஐந்தரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். மோட்டார் போட்டான். குளித்தான். நேற்றைய களியைக் கரைத்துக் குடித்தான். எட்டரைக்கு, காரிமங்கலம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த தன் கம்ப்யூட்டர் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியபோது போன் வந்தது.

கிராபிக்ஸ் கார்டு கம்பெனியின் மேனேஜர் நிர்மலாதேவி. பதினோரு மணிக்குக் கடையைப் பார்க்க வருகிறாராம். மாவட்டத்துக்கு ஒரே டீலர். யாரென்று இன்றைக்கே முடிவு. தனக்குக் கிடைக்காவிட்டால், தர்மபுரியில் கடை வைத்திருக்கும் சகலை மாதேஸ்வரனுக்குப் போய்விடும். அப்புறம் ஒவ்வொரு கார்டுக்கும் சகலை முன்னால் போய் நிற்க வேண்டும்.

பாதி ஷட்டருக்கு அடியில் குனிந்து வந்தாள், பில் போடும் கவிப்பிரியா.

"கவி, ஒத்தை ஃபேன் எல்லாத்தையும் எடுத்து ஒளிச்சு வை."

கம்ப்யூட்டரில் படம் ஓடவைக்கும் அந்தக் கார்டுகளுக்குக் கம்பெனி வைத்த பெயரைக் காரிமங்கலத்தில் யாரும் சொன்னதில்லை. சூடு தணிக்க ஒரு விசிறி இருந்தால் ஒத்தை ஃபேன். விலை குறைவு, கல்யாண ஆல்பம் அதிலேயே முடிந்துவிடும். மூன்று விசிறி இருந்தால் மூணு ஃபேன். அது உலகத்துக்கே புதுசு. கடையில் ஒன்று இருந்தது. ஒன்பது மாதமாக அதே ஒன்றுதான்.

"நாம விக்கறதே ஒத்தை ஃபேன்தானேண்ணா?"

"கம்பெனி வெளம்பரம் பாத்தியா? புலி மூணு ஃபேன்லதான் ஓடுது. இது ஒத்தை ஃபேன் கடைன்னு தெரிஞ்சா அந்தம்மா வாசல்லயே திரும்பிடுவாங்க."

முப்பத்தைந்து கார்டுகள் கோணிப்பைக்குள் போயின. அலமாரி பல் போன வாய் மாதிரி ஆனது. அதிலிருந்து கண்ணைத் திருப்ப, கம்ப்யூட்டரில் மூணு ஃபேனை மாட்டி விளம்பரப் புலியை ஓடவிட்டான். மீசை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. நான்காவது நிமிடம், இரண்டு கடைக்கும் பொதுவான பியூஸ் போனது. பக்கத்து மாவு மிஷினும் நின்றது.

மாவுக்கு வந்த தீர்த்தம்மாள் தூக்குச் சட்டியோடு எட்டிப் பார்த்தாள். "ஏம்பா, பூனைப் படம் போட்டா எங்க கரண்டைத் தின்ன?"

"புலிங்கக்கா."

"எதுவோ. என் மாவு பாதியில நிக்குது."

பியூஸ் கட்டினான். மறுபடி போகாமலிருக்க, கடையில் விளக்கு, சீலிங் ஃபேன் எல்லாவற்றையும் அணைத்தான். கடை குகையானது. நடுவில் புலி.

பதினோரு மணிக்கு நிர்மலாதேவி வந்து தடவித் தடவி நாற்காலியைக் கண்டுபிடித்தார். "ஏன் சார் இருட்டு?"

"புலி பளிச்சுன்னு தெரியணுமில்லைங்களா, மேடம்."

அவர் நோட்டில் எதையோ எழுதினார். அந்த நேரம் பார்த்து ஸ்டுடியோ ராஜாமணி நுழைந்தார்.

"மாப்ள, ரெண்டு ஒத்தை ஃபேன் குடு. பொண்ணழைப்பு எடிட்டிங் அப்படியே நிக்குது."

"அந்த மாதிரி சாமானெல்லாம் நம்ம கடையில வெக்கிறதில்லைங்களே."

"போன வாரம் குடுத்தியேடா?"

"அது நான் இல்லைங்க."

"உன் கல்யாணத்துக்கே போட்டோ எடுத்தவன்டா நான். உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா?" என்று ராஜாமணி கையில் தட்டுப்பட்ட கோணிப்பைமேல் உட்கார்ந்தார். உள்ளே மடக்கென்றது.

"என்னாடா இது?"

"உருளைக்கெழங்குங்க."

"அப்பளம் மாதிரி நொறுங்குது?"

கவிப்பிரியா முகத்தைத் திருப்பிக்கொண்டு பில் புத்தகத்தைக் கடித்தாள்.

"கெளம்புங்கண்ணா. சும்மா சும்மா வந்து ஒத்தை ஃபேன், ஒத்தை ஃபேன்னு!"

"இனிமே உன் கடை வாசலை மிதிச்சா ஏன்னு கேளு. நான் மாதேசு கடைக்கே போறேன்." ராஜாமணி போகிற வழியில் புலியை ஒரு முறை முறைத்தார்.

தீர்த்தகிரி நெற்றியைத் துடைத்தான். "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். அந்தச் சின்னக் கார்டை இந்தக் கையால தொட்டதே இல்லைங்க. நமக்கு லெவல் முக்கியம்."

நிர்மலாதேவி நோட்டை மூடிக் கைப்பையில் வைத்து எழுந்தார்.

"எங்க வாரண்டி பதிவுல பார்த்தா, மாவட்டத்துலயே சின்னக் கார்டு அதிகமா போறது இந்த ஊர்லதான் சார். அதை விக்கறது நீங்கதான்னு நெனச்சு டீலர்ஷிப் குடுக்க வந்தேன். அப்ப அந்தக் கடைக்கு எந்தப் பக்கம் போகணுங்க?"