மீனாட்சி கல்யாணத்தில் ஒரு நீல டிரம்

நடந்தது இதுதான்:

1. லேபிள் அண்ணன் எங்கள் மாசாய் ஊர்க் கோயில் சுவரில் மீனாட்சி கல்யாணம் வரைந்தார்.
2. அதில் சீன ஜாடி, வெல்வெட் நாற்காலி, நீல பிளாஸ்டிக் டிரம் மூன்றும் இடம்பிடித்தன.
3. கோயில் தலைவர் வெள்ளையடிக்க ஆள் கூப்பிட்டார்.
4. நான் வாயைத் திறந்தேன்.

ஜொகூர் மாநிலத்திலேயே, சாப்பிடும் முன் மிளகாய்க்குச் சொந்த ஊர் விசாரித்த ஒரே மனிதர் லேபிள் அண்ணன்தான். பாசிர் கூடாங் ரசாயனத் தொழிற்சாலையில் டிரம்களுக்கு லேபிள் ஒட்டுவது அவர் வேலை. ஒட்டியது சரியா என்று பார்ப்பது என் வேலை. கேண்டீனில் மிளகாய் அரைத்த சம்பலைத் தொட்டுக்கொண்டே, “தங்கச்சி, மிளகாய் அமெரிக்காப் பக்கத்துச் சாமான். கப்பல் வரலன்னா இன்னும் மிளகுதான் கடிச்சுக்கிட்டு இருப்போம்” என்பார். கேட்பவர் சாப்பாடு ஆறிவிடும்.

ஷிஃப்ட் முடிந்த நேரமெல்லாம், மூன்று மாதம், அந்தச் சுவரடியிலேயே கிடந்தார். படம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனால், வெள்ளையடிப்பவர் வாளியோடு நிற்கிறார்.

“சாமி கல்யாணத்துல சீன ஜாடி எதுக்குய்யா?” என்றார் தலைவர்.

“தலைவரே, பழைய தஞ்சாவூர்ப் படத்தைப் பாருங்க. வெள்ளைக்காரன் நாற்காலி இருக்கும். தலைக்கு மேல றெக்கை வச்ச பிள்ளைங்க பறக்கும். கப்பல் எதைக் கொண்டாந்துச்சோ, ஓவியன் அதைச் சாமி வீட்டுக்குள்ள விட்டிருக்கான். இப்ப நம்ம துறைமுகத்துக்கு டிரம்தான் வருது, லா.”

தலைவர் டிரம்மை உற்றுப் பார்த்தார். “எங்க வீட்டுலயும் தண்ணி வராத நாளைக்கு இதுலதான் பிடிச்சு வைப்போம்” என்றார். குரல் இறங்கியிருந்தது. “அட, டிரம் மேலயும் தாரை வார்க்கிற படம் போட்டிருக்கானே! கையில தண்ணி ஊத்துற மாதிரி.”

என் தொழில்புத்தி சும்மா இருக்கவில்லை. “அது தாரை இல்லீங்க. அமிலம் பட்டா கை வெந்துடும்னு எச்சரிக்கை லேபிள்.”

அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. கைப்பழக்கத்தில் லேபிளையும் சேர்த்தே வரைந்திருக்கிறார். மூன்று மாத உழைப்பை ஒரே வரியில் கவிழ்த்துவிட்டேன் என்று நினைத்தேன்.

“அலமாக்! மாப்பிள்ளை கையில ஆசிட்டா ஊத்தப் பார்த்தே?” தலைவர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “லேபிளை மட்டும் அழி. டிரம் இருக்கட்டும். அது நம்ம வீட்டுது.”

சுவரில் டிரம் இன்றும் இருக்கிறது; லேபிள் இருந்த இடம் மட்டும் வெறும் நீலம். அண்ணன் சிங்கப்பூர் வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. வெள்ளிக்கிழமைகளில் சாமியைக் கும்பிட்ட பிறகு அந்தச் சுவருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.