சாக்ஸ் புழுவுக்குச் சொந்தம் யார்?

அன்புள்ள ____________ அவர்களுக்கு,

பெரிய நியூஸ், உட்கார்ந்துட்டுப் படிங்க: சொந்தக்காரங்க யாருன்னே முடிவாகாத ஒரு புழுவுக்கு நான் சொந்தம் பார்த்துக் குடுத்துட்டேன், அதனால என்னை ஆராய்ச்சிக் குழுவை விட்டே தூக்கப் பார்த்தாங்க!

நான் நலம். தாங்களும் நலமாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இப்போதுதான் அடுத்த அறையில் தாங்கள் தும்மியது கேட்டது. மேலே பெயருக்குப் பதிலாகப் போட்டிருக்கும் வெறும் கோட்டைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம். இந்தக் கடிதமே அதற்காகத்தான். அம்மா உங்களைக் கல்யாணம் செய்துகொண்டு எட்டு மாதம் ஆகிறது, இன்னும் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. "அப்பா"ன்னா தொண்டையிலயே நிக்குது, அந்த வார்த்தையில ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார். "அங்கிள்"னா கரண்ட் கணக்கெடுக்க வர்றவர் ஞாபகம் வருது. "சித்தப்பா"ன்னு வச்சா, இறந்துபோன அப்பாவுக்கு நான் புதுசா ஒரு தம்பியை உண்டாக்கணும். அதனால உங்களைக் கூப்பிடணும்னா இருமுறேன். போன வாரம் நீங்க ஃபேன் மாட்டும்போது ஏணி சறுக்குச்சு பாருங்க, இருமுறதுக்குக்கூட நேரமில்ல, "ஏங்க!"ன்னு கத்திட்டேன். அடுப்படியில இருந்து அம்மா, "ஏய், அது என் டயலாக்"னாங்க. நீங்க ஏணியே ஆடுற மாதிரி சிரிச்சீங்க.

இப்ப புழுவுக்கு வர்றேன். நான் எப்பவும் லேப்டாப்பும் கையுமா இருக்கேன்னு நீங்க நினைப்பீங்க. கேம் இல்லீங்க அது. பல மியூசியம் அனுப்புற விலங்குப் பட்டியலை எல்லாம் ஒரே அட்டவணையா சேர்க்கிற வேலை, ஆன்லைன்ல, சும்மா ஆர்வத்துக்கு. விலங்கோட பேரு, எந்த இனம், யாரு நெருங்கிய சொந்தம், அதுக்கு என்ன ஆதாரம். அதை வச்சுத்தான் எந்த உயிர் எதுல இருந்து பிரிஞ்சு வந்துச்சுன்னு ஆராய்ச்சியாளர்கள் மரம் வரைவாங்க. அதுல ஒரு புழு. கழட்டிப் போட்ட சாக்ஸ் மாதிரியே இருக்கும். குளிர்க் கடல் சேத்துல கிடக்கும். மூளை கிடையாது, வாய் மட்டும் உண்டு (எங்க கிளாஸ்ல இந்த மாதிரி நிறைய பேர்). சொந்தம்ங்கிற கட்டம் காலியா இருந்துச்சு. எனக்கு மனசு கேட்கலை. ஒரு பழைய பட்டியல்ல "சிப்பி"ன்னு பார்த்தேன், அப்படியே போட்டுட்டேன். எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா!

ஞாயித்துக்கிழமை என் ஃப்ரெண்ட் வந்தா. நீங்க ஜூஸ் கிளாஸோட வர்றதைப் பார்த்து, "யாருடி அது?"ன்னா. காலையில இருந்து அட்டவணையிலயே கிடந்த மூளை. "இன்னும் வகைப்படுத்தலை"ன்னுட்டேன். அவ விழுந்து விழுந்து சிரிச்சா. நீங்க கிளாஸை டேபிள்ல வச்சுட்டு, செருப்பை மாட்டிட்டு வெளிய போயிட்டீங்க. சாயங்காலம் அம்மாகிட்ட, "லிஃப்ட் பராமரிக்க வெளியூர் பிராஞ்சுக்கு என்னைக் கூப்பிடுறாங்க"ன்னு நீங்க சொன்னது சுவர் வழியாக் கேட்டுச்சு. அதுக்குள்ள அம்மா மிக்ஸியைப் போட்டுட்டாங்க, மிச்சம் கேட்கலை. நான் சொன்னதாலதான் கிளம்புறீங்கன்னு முடிவு பண்ணிட்டேன். என் மேஜையில வேற புதுசா ஒரு இருமல் மருந்து பாட்டில். அம்மா வச்சிருப்பாங்க.

மறுநாள் எங்க ஆராய்ச்சிக் குழுவுல டேட்டாவைப் பார்த்துக்கிற அக்கா போன்ல பிடிச்சுக்கிட்டாங்க. "யாரைக் கேட்டும்மா அதைச் சிப்பி வீட்டுல கொண்டு போய் விட்ட?"

"காலியா இருந்துச்சுக்கா, பாவமா இருந்துச்சு."

"அது சிப்பியைத் தின்னுச்சு. வயித்துல கிடந்த சிப்பி டிஎன்ஏவை எடுத்துட்டு அந்தக் காலத்துல சொந்தம்னு எழுதிட்டாங்க."

"அப்படிப் பார்த்தா எங்க வீட்டுல எல்லாரும் கோழிதான்க்கா."

"சிரிக்காத. நீ பாவம் பார்த்ததுல மரமே ஒரு பக்கமா சாஞ்சு கிடக்கு. இன்னொரு தடவை பண்ணா நீ வெளிய."

கட்டத்தை மறுபடியும் காலி பண்ணினேன். அப்பத்தான் கவனிச்சேன், சொந்தம் முடிவாகலைன்னு அந்தப் புழுவை யாரும் அட்டவணையை விட்டு எடுக்கலை. அதுக்கு நேரா இருக்கிற குறிப்புதான் எல்லாத்துலயும் நீளம். ஆளாளுக்கு வந்து அதைத்தான் திறந்து பார்க்கிறாங்க. உங்களைப் பத்தி என்கிட்ட இருக்கிற குறிப்பும் நீளம்தாங்க. டீ ஆறினாத்தான் குடிப்பீங்க. எந்த லிஃப்ட்ல ஏறினாலும் கண்ணை மூடிச் சத்தம் கேட்பீங்க. நான் மீட்டிங்ல இருந்தா அம்மாவை மிக்ஸி போட விட மாட்டீங்க. இதெல்லாம் எந்தக் கட்டத்துல எழுதுறதுன்னுதான் தெரியலை.

அதனால வெளியூர் போகாதீங்க, ப்ளீஸ். கட்டம் காலியாவே இருக்கட்டும். கூப்பிடணும்னா இருமுறேன்.

தாங்கள் ஏணியில் ஏறாமல் எல்லா நலமும் பெற்று வாழ வேண்டும்,

இப்படிக்கு,
அடுத்த ரூம்.

பின்குறிப்பு: மேல எழுதினது அத்தனையும் வேஸ்ட். கதவுக்கு அடியில தள்ளுறதுக்குள்ள அம்மா பிடுங்கிப் படிச்சுட்டாங்க. "லூசு, வெளியூர் முடியாதுன்னு அவர் அன்னிக்கே சொல்லிட்டார். செருப்பை மாட்டிட்டுப் போனது உனக்கு இருமல் மருந்து வாங்க. 'வகைப்படுத்தலைன்னாலும் பட்டியல்ல இருக்கேன்ல'ன்னு சிரிச்சுட்டேதான் போனாரு"ன்னாங்க. இன்னொண்ணும் சொன்னாங்க: என்னை என்னன்னு கூப்பிடுறதுன்னு தெரியாம நீங்களும் எட்டு மாசமா முழிக்கிறீங்களாம், அதனாலதான் தும்முறீங்களாம்! இதை எழுதுறப்போ இன்னும் ரெண்டு தும்மல் கேட்டுச்சு. ஜலதோஷமா, என்னையா? உடனே பதில் போடுங்க.