ஏழுமுதுகன்

நீராளம் என்று ஒரு நாடு இருந்தது. மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். படையெடுத்து வர வழியும் இல்லை, வந்தாலும் வாரிக்கொண்டு போக அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. அதனால் அந்த நாட்டுக்குப் பகைவர்களே கிடையாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் முன்னால் போய், "என்னை விட்டால் உங்களைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டாக வேண்டிய ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய சங்கடம் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்போது ஆண்டவர் மாமன்னர் அடலேறு. ஓட்டு வாங்கி வந்தவர்தான். மாமன்னர் என்பது பதவிக்கு வந்த பிறகு தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பட்டம். ஒரு மாலை அவர் கருவேணி ஆற்றில் படகில் உலாப் போனபோது, கறுப்பாக, வழவழவென்று, ஒன்றன்பின் ஒன்றாகச் சில முதுகுகள் தண்ணீருக்கு மேல் எழுந்து முழுகின. மாமன்னர் அலறியடித்துக்கொண்டு ஆற்றில் விழுந்தார்.

அவை நீர்நாய்கள். மீன் துரத்தும்போது குடும்பத்தோடு வரிசைகட்டி நீந்தும். கரையில் இருக்கிற பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஆனால் நாடாளுகிறவர் நீர்நாயைப் பார்த்து மிரண்டு தண்ணீரில் விழுந்தார் என்று முரசறைய முடியுமா? ஏழு முதுகுள்ள கொடிய மிருகம் ஒன்று ஆற்றில் புகுந்துவிட்டது, மாமன்னர் அதனோடு கட்டிப்புரண்டு சண்டையிட்டு மீண்டார் என்று மறுநாள் முரசறைந்தார்கள். அதற்கு ஏழுமுதுகன் என்று பெயரும் வைத்தார்கள். தினமும் காவல் கோபுரத்தில் ஏறி முதுகுகளை எண்ணி நாட்டுக்கு அறிவிக்க முதுகெண்ணி என்றொரு பதவியை உண்டாக்கி, வாய்மைநாதர் என்பவரை அதில் உட்காரவைத்தார்கள். அவருக்குக் கிட்டப்பார்வை. எட்டத்தில் இருப்பது எதுவும் தெரியாது என்பதால் அவர் எண்ணிக்கை ஒருநாளும் தவறியதில்லை.

முதல் ஆணை, ஆற்றில் யாரும் பரிசல் விடக்கூடாது என்பது. பரிசல் துறையில் பச்சைவாழி, கொளஞ்சி என்று ஒரு தம்பதி இருந்தார்கள். ஆட்களை அக்கரை சேர்ப்பதும், ஒழிந்த நேரத்தில் வலை வீசுவதும்தான் அவர்கள் பிழைப்பு. காவலர்கள் பரிசலைத் தூக்கிக்கொண்டு போய்விட, பச்சைவாழி நேரே முதுகெண்ணியிடம் போனாள்.

"ஐயா, அது நீர்நாய்ங்க. எங்க வலையக் கிழிக்கும், மீனத் திங்கும், அவ்ளோதான். மனுசன ஒண்ணும் பண்ணாதுங்க."

"நீ பார்த்தாயா?"

"தெனமும் பாக்குறேனே."

"எத்தனை முதுகு?"

"குட்டியோட சேத்து அஞ்சுங்க."

வாய்மைநாதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அரசின் கணக்கு ஏழு. மீதி இரண்டு முதுகுகளை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்?"

அவள் வீட்டைச் சோதனை போட்டார்கள். முதுகுகள் கிடைக்கவில்லை. நன்றாகப் பழக்கப்பட்டவளால்தான் இவ்வளவு சாமர்த்தியமாக ஒளிக்க முடியும் என்று முடிவுசெய்து, பரிசலை நிரந்தரமாகப் பறிமுதல் செய்தார்கள். இனிமேல் ஏழுக்குக் குறைவாக எண்ணுபவர்கள் மிருகத்தின் கையாட்கள் என்று சட்டமும் வந்தது.

அதன்பிறகு கரைமக்கள் ஏழு என்றே சொன்னார்கள். முதலில் பயத்தில் சொன்னார்கள், பிறகு வாய் பழகிப்போயிற்று. போன மாசம் தன் கன்றுக்குட்டியை அது கொம்போடு விழுங்கியதாக ஒருவர் அழுதார். அவர் மாடே வளர்த்ததில்லை. ஆனாலும் அவர் விட்ட கண்ணீர் நிஜம். அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

அடுத்து, மிருகத்தைத் தடுக்க ஆற்றோரம் மதில் எழுப்ப ஆணை பிறந்தது. மதிலுக்கு மணல் வேண்டும். மாமன்னரின் மைத்துனர் நாட்டுப்பற்று மேலிட்டு அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். மதில் இடுப்பளவுக்கு எழுந்தது. ஆற்றில் பள்ளம் பனையளவுக்கு விழுந்தது. மீதி மணல் மலையைத் தாண்டிப் போனது. கரைகள் சரிந்து நீர்நாய் வளைகள் மூடின, மீன் அற்றுப்போனது, நீர்நாய்க் குடும்பம் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போய்விட்டது.

தேர்தல் நெருங்கும் நேரத்தில் ஆற்றில் ஒரு முதுகுகூட இல்லை. எதிர்க்கட்சித் தலைவர் திடல் திடலாகப் போய் முழங்கினார்: "நம்மை அச்சுறுத்த ஒரே ஒரு மிருகம் இருந்தது. அதைக்கூடக் கட்டிக்காக்கத் துப்பில்லாத ஆட்சி இது!" மக்கள் கைதட்டினார்கள். அரண்மனை ஆடிப்போயிற்று.

வாய்மைநாதர்தான் வழி கண்டுபிடித்தார். நன்றாக நீந்தத் தெரிந்த ஏழு பேரைத் தற்காலிக முதுகுகளாக அமர்த்துவது, தார் பூசிய சட்டியை முதுகில் கட்டிக்கொண்டு மாலையில் வரிசையாக நீந்தச் சொல்வது என்று ஏற்பாடாயிற்று. பிழைப்பற்றுக் கிடந்த துறைக்காரர்கள் முண்டியடித்தார்கள். கொளஞ்சிக்கும் இடம் கிடைத்தது.

"என்னய்யா வேலை?" என்று கேட்டாள் பச்சைவாழி.

"முதுகு. நாலாவது."

"கருமம். நம்மள ஆத்துல எறங்கக்கூடாதுன்னவங்களே எறங்கச் சொல்றாங்களா?"

"மனுசனாத்தான் எறங்கக்கூடாதாம்" என்றான் கொளஞ்சி. "அடுப்பு எரியுதில்ல, விடு."

அடுப்பு எரிந்தது. மூன்றாவது முதுகின் மனைவி அன்னப்பழத்தோடு சேர்ந்து அவளும் தினமும் மதிலோரம் நின்று, இருவர் புருஷன்மாரும் கரையேறும்வரை பார்த்துவிட்டு வருவாள்.

ஆட்சிக்கு வந்தால் மிருகத்தைக் கொல்வேன் என்று எதிர்க்கட்சித் தலைவர் சூளுரைத்தார். ஓட்டுப்போடும் நாளுக்கு முன்பே கொன்று காட்டுகிறேன் என்றார் மாமன்னர். அன்று மாலை மதில் நெடுக வில்லாளிகள் நின்றார்கள். ஊரே திரண்டிருந்தது. தண்ணீரில் இருந்தவர்களுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.

விற்களைப் பார்த்ததும் பச்சைவாழி கத்தினாள். "ஐயோ, அது மனுசங்க! நாலாவது எங்க வீட்டுக்காரரு!"

அன்னப்பழம் அவள் வாயைப் பொத்தினாள். "சத்தம் போடாதடி. வெறும் வேடிக்கைக்குத்தான் விடுவாங்க. நீ சொல்லி வெச்சு வேலை போயிடப்போவுது!"

அம்புகள் பாய்ந்தன. ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். தண்ணீர் சிவந்தபோது ஆரவாரம் இன்னும் கூடியது. ஆறு முதுகுகள் வீழ்ந்தன, ஒன்று தப்பிவிட்டது, காயம்பட்ட மிருகம் முன்னைவிடக் கொடியது, ஆகவே இன்னும் ஐந்தாண்டு வேண்டும் என்று மாமன்னர் அறிவித்தார். பெருவாரியான ஓட்டில் ஜெயித்தார்.

பச்சைவாழி கொளஞ்சியை நாணல் புதருக்குள் கண்டெடுத்தாள். தோளில் அம்பு ஒடிந்து நின்றது. வீட்டுக்குக் கொண்டுபோகப் பயந்து, அங்கேயே மறைத்துவைத்து, பச்சிலை கட்டி, கஞ்சி ஊட்டினாள். காய்ச்சலில் அவன் உடம்பு கொதித்தது. எப்படியாவது நடக்க வைத்து மலையேறிப் போய்விடவேண்டும் என்று எல்லாச் சாமியையும் கும்பிட்டாள்.

வெற்றிவிழா முற்பகலில் நடந்தது. ஆறு விதவைகளை மேடையேற்றி, மிருகத்துக்குப் பலியான வீரர்களின் மனைவியர் என்று பொன்னாடை போர்த்தினார்கள். அன்னப்பழம் நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதாள். அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு அவள் யார்மேல் பாய்வாள்?

"எங்கூட்டுக்காரரக் கொன்ன அந்த மிருகத்த விடாதீங்க ஐயா!" என்றாள். கூட்டம் கொதித்தது. கம்பும் கடப்பாரையுமாக, பட்டப்பகலில், எல்லாரும் ஆற்றுப்பக்கம் கிளம்பினார்கள்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பச்சைவாழி குறுக்கு வழியில் ஓடி நாணலுக்குள் புகுந்தாள். அவனைத் தூக்கி நிறுத்தப் பார்த்தாள். அவனுக்குக் கால் நிற்கவில்லை.

"என்ன சத்தம் அது?" என்றான் கொளஞ்சி. "மறுபடியும் படையா?"

அவள் நாணலை விலக்கிப் பார்த்தாள். ஒரு காவலன்கூட இல்லை. ஒவ்வொரு முகத்தையும் அவள் பரிசலில் ஏற்றி அக்கரை சேர்த்திருக்கிறாள்.

"இல்லய்யா" என்றாள். "நம்ம சனங்கதான்."